திரைத்தொழில் கண்ட திருச்செங்கோட்டார்

விழா மலர்களில் வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் நாவலர் பெருமானையோ விபுலாநந்த அடிகளையோ நாடுதல் நம்மவர் மரபு. அம்மரபை விடுத்து, சினிமா முதலாளி ஒருவரின் வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டமை கண்டு பழைய மாணவர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். காரணத்தைக் கூறிவிடுகின்றோம். இலக்கிய வரலாற்றுப் பாடத்திலே ஐம்பெருங்காப்பியங்களைக் கற்பிக்கும்போது, குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைத்தில என்று கூறி நாம் விரைந்து கடந்து விடுவதுண்டு. இதனை ஒருமுறை பேச்சிடையே குறிப்பிட்டபோது, நம் கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர், குண்டலகேசியின் கதையை வகுப்பறையிற் கேட்குமுன்னரே படமாளிகையில் இரண்டாம் வகுப்பு வாங்கிலிருந்து தாம் கண்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அவர் கண்ட படம் 'மந்திரிகுமாரி'. அதனை ஆக்கியளித்தது சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ். அந்நிலையத்தின் அதிபரே ரி. ஆர். சுந்தரம்.

அருணகிரிநாதராற் பாடப்பெற்ற மலைத்தலமாகிய திருச்செங்கோட்டிலே, நெசவுத்தொழிலும் துணி வாணிகமும் செய்த செல்வக் குடும்பத்தில், 1907ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் அவர் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத்தொழில் நுட்பம் பயின்றார். கிளாடிஸ் என்னும் ஆங்கில நங்கையை மணந்தார். பஞ்சு ஒரு வாயிலாற் புகுந்து துணியாக மறுவாயிலால் வெளிவரும் ஆலையின் ஒழுங்கை அங்கு அவர் நன்கு கண்டிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் அமைத்த படநிலையத்தை நோக்குமிடத்து, கற்றது வீண்போகவில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

அக்காலத்துத் தமிழ்ப் படத்தொழிலின் நிலை இரங்கத்தக்கது. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன்பின்னும் சில ஆண்டுகள் நடிகரும் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் மூட்டை முடிச்சுகளுடன் புகைவண்டியேறிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ சென்று, தமிழறியாத தொழில்நுட்பவல்லார்முன் தமிழ் பேசி நடித்துத் திரும்பினர். சென்னையிலே ஸ்ரூடியோ தோன்றியது 1934இல் ஆகும். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்திற் பங்காளராயிருந்த சுந்தரம் இவ்வலைச்சலின் செலவையும் சீர்கேட்டையும் நேரிற் கண்டவர். தலைநகரிலன்றித் தம் ஊருக்கு அண்மையிலேயே, ஏர்க்காட்டு மலையடிவாரத்தில், 1930களின் நடுப்பகுதியிலே மொடேர்ன் தியேட்டர்ஸை அவர் நிறுவினார். அங்கு உருவாகிய முதற்படம் 'சதி அகல்யா', ஆண்டு 1937.

அந்நிலையத்தின் சிறப்பு அதன் அமைப்பிலே இருந்தது. படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் இரசாயனசாலை, காட்சிகளுக்குரிய தச்சுவேலை, தையல்வேலை எல்லாம் ஒரே வளவினுள் அமைந்தன. கதையெழுதுவோர்க்கும் ஓர் இலாகா இருந்தது. நடிகர், எழுத்தாளர், இசைவல்லார் முதலாயினோர் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். ஒரு படம் முடியுமுன் மற்றொன்று தொடங்கியது. ஜெர்மன் ஒளிப்பதிவாளரும் அமெரிக்க நெறியாளரும் அங்கு பணிபுரிந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட தம் காலத்தில் அவர் தயாரித்தனவும், அவருக்குப்பின் மைந்தர் இராமசுந்தரம் தயாரித்தனவுமாக நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அவ்வாயிலால் வெளிவந்தன.

அவற்றுட் பலவற்றை மறந்துவிடுதலே நன்று. துரத்தலும் அடிதடியும் கொண்ட கதைகள் அவருக்கு மிக விருப்பமானவை. கையிருப்பைக் காத்தவை அவையே. ஆயினும் தமிழாசிரியராகிய நாம் அசட்டை செய்யவியலாத சில உண்டு. 1940இல் 'உத்தமபுத்திரன்' வழியாக பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்திற் காட்டியவர், 1942இல் பேராசிரியர் சுந்தரம்பிள்ளையின் 'மனோன்மணீய'த்தை அதே நடிகரைக் கொண்டு 'மனோன்மணி' எனப் படமாக்கினார். படித்தற்கென்றே எழுதப்பட்ட நாடகம் என்று நாம் மாணவர்க்குக் கூறும் நூல் அது. நடிக்கவொண்ணாதது என்று அறிஞர் ஒதுக்கியதை ஒரு நெசவுப் பட்டதாரி அரங்கேற்றிவிட்டார்.

1950இல் வந்தது 'மந்திரிகுமாரி'. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகத்தின் திரைவடிவம் அது. தமிழ் பேசத் தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் நெறியாள, அவர் தாயகம் திரும்பியபின் எஞ்சியதைச் சுந்தரமே முடித்தார். கொல்லத் துணிந்த கள்வனாகிய கணவனை மும்முறை வலம்வந்து மலையுச்சியிலிருந்து தள்ளும் மனைவியின் கதை, ஏட்டிற் சிதைந்து சில செய்யுள்களாக எஞ்சியிருந்தது. அதனை எழுத்தறியாத உழவனும் அறிந்தமை இப்படத்தினாலேயே. காப்பியத்தின் பௌத்த சமயவாதம் படத்தில் இல்லை. அதன் இடத்தில் அரசியல் வாதம் புகுந்தது. அதில் நமக்குக் குறையுண்டு. ஆயினும் அக்குறையைக் கூறுவதற்கேனும் கதையை அறிந்த மக்கள் வேண்டுமன்றோ? அதே ஆண்டிற் பாரதிதாசனின் காவியத்தைக் கொண்டு 'பொன்முடி'யும், 1952இல் அவர் உரையாடலுடன் 'வளையாபதி'யும் வெளிவந்தன. இறந்துபட்ட காப்பியங்கள் இரண்டின் பெயரும் கதையும் ஈராண்டு இடையீட்டில் ஒரே நிலையத்திலிருந்து புறப்பட்டமை வியப்பே. கவிஞர் கண்ணதாசன் அந்நிலையத்துச் 'சண்டமாருதம்' ஏட்டின் ஆசிரியராயிருந்ததும் அக்கதை இலாகாவிற் பணியாற்றியதும் பலர் அறிந்தவை.

தமிழுக்கு வெளியேயும் அவர் கை நீண்டது. மலையாள மொழியின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' 1938இல் சேலத்திலேயே உருவாயிற்று. கேரளத்தில் அப்போது ஸ்ரூடியோ கிடையாது. அப்படத்தின் பிரதி ஒன்றுதானும் இன்று எஞ்சவில்லை. நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947இல் திரைக்கு வந்தது. அது மதுரையில் எஸ். எம். நாயகத்தின் நிலையத்தில் எடுக்கப்பட்டது. பின்னர் கே. குணரத்தினத்தின் 'சுஜாதா' 1953இல் வந்தபோது, அதனை நெறியாண்டவர் சுந்தரமே. தென்னிந்தியத் தளங்களில் எடுத்த சிங்களப் படங்கள் தென்னிந்தியச் சாயலையே கொண்டிருந்தன என்று சிங்கள விமரிசகர் குறைகூறினர்; அக்குறை நியாயமானதே. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்ரூடியோவை விட்டுக் கிராமத்துக்கே கமெராவைக் கொண்டு சென்று 'ரேகாவ' எடுத்தமைக்கு அச்சலிப்பும் ஒரு காரணமாகும்.

அதே 1956இல் சுந்தரம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளியிட்டார். எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த அப்படம் பெருவெற்றி கண்டது. 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தையும் அவரே நெறியாண்டார். அது 'கண்டம் பெச்ச கோட்டு'. ஹஜ் யாத்திரைக்கெனக் காசு சேர்க்கும் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் கதை. வண்ணத்தைக் காட்ட அரண்மனையும் ஆடலும் நாடாது, ஒட்டுப்போட்ட மேலங்கி ஒன்றை அவர் தெரிந்தெடுத்தமை நம் உள்ளத்தைக் கவர்ந்தது.

அவரிடம் பணிபுரிந்தோர் அவரை முதலாளி என்றே அழைத்தனர். குறித்த வேளையில் குறித்த தளத்தில் நிற்றல் எத்துணைப் பெரிய நடிகர்க்கும் விதி. கண்டிப்பு மிகையானதென்று மனங்கசந்தோரும் உண்டு. மாதம் தவறாது சம்பளம் கிட்டியது என்று நன்றி பாராட்டினோரும் உண்டு. இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். ஆனால் அவ்விதியின் கீழ் வளர்ந்த நடிகரும் எழுத்தாளரும் புகழெய்தியபின், எந்த நிலையத்தின் மணியோசைக்கும் கட்டுப்படவேண்டிய தேவை அவர்க்கு இல்லாதொழிந்தது. நிலையத்தின் பெயர்கண்டு படம்பார்க்கச் சென்ற மக்கள், நடிகரின் முகங்கண்டு செல்லலாயினர். நட்சத்திரங்களுக்கு ஊதியம் ஏற, மாதச் சம்பளக்காரர் நூற்றுக்கணக்கானோரை ஒரு வளவில் வைத்துக் காத்தல் பெரும் சுமையாயிற்று. ஜெமினி நிலையமும், கோயம்புத்தூர்ப் பட்சிராஜாவும் பின்னாளில் இதே சுழியில் அகப்பட்டன.

சுந்தரம் அதனை முற்றாகக் காணவில்லை. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைமையையும் வகித்த அவர், 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் தமது ஐம்பத்தாறாம் வயதிற் காலமானார். மைந்தர் சில ஆண்டுகள் துப்பறியும் படங்கள் எடுத்து நிலையத்தை நடத்தினார். 1980களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. தளங்கள் இருந்த நிலத்தில் இப்போது குடிமனைகள் உள்ளன. ஏர்க்காட்டுக்குச் செல்லும் வீதியோரத்தில் பெயர் பொறித்த நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கின்றது.