மானிப்பாய் வைத்தியர் கிறீன்

இராமநாதபுரக் கடற்கரையிலே தொண்டி, தேவிபட்டினம் முதலிய ஊர்களிற் பிறந்தார்க்கு யாழ்ப்பாணம் அயல்நாடன்று. 19ஆம் நூற்றாண்டிலே இக்கரையினின்று அரிசி தோணியேறிற்று. அக்கரையினின்று பனைமரமும் புகையிலையும் வந்திறங்கின. இச்சரக்குகளோடு கண்ணுக்குப் புலனாகாத சரக்கொன்றும் போய்வந்தது. அதுவே வாந்திபேதி. இராமேசுவர யாத்திரிகர் நடந்த சாலைகளிலும், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிவேலை நாடிச் சென்ற ஏழைகள் நடந்த வழிகளிலும் அந்நோய் உடன் நடந்தது. பிற்காலத்தில் மண்டபத்திலே தொற்றுத்தடை முகாம் ஏற்பட்டதும் இத்தகைய நோய்களின் பொருட்டே. பெரியோரினும் குழந்தைகளை அது விரைவில் வறளச்செய்து கொல்லும். இத்தகைய பிணிகளோடு அக்கரையிலே ஏறக்குறைய 20 ஆண்டுகள் போராடியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர்.

அன்னார் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்க தேசத்து மாசச்சூசெட்சு மாகாணத்தில் ஊஸ்டர் என்னும் நகரிற் பிறந்தனர். நியூயார்க்கு மாநகரை விரிவுபெறச் செய்தோருள் தலைவராகிய ஆண்டுரூ கிறீன் இவர்தம் சகோதரர். தமையன் மாநகர் ஒன்றை அமைக்கத் தம்பியோ பனையோலைக் குடிசைகளை நாடி வந்தார். நியூயார்க்கு வைத்தியக் கல்லூரியில் 1845இல் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். இவரை அனுப்பிய அமெரிக்கன் மிஷன் சங்கமே 1834இல் மதுரையிலும் கிளை தொடங்கியது. ஆதலின் நம் பக்கத்தாரும் இவர் சரிதத்தை அறிதற்கு உரிமையுடையர்.

முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 முதல் மானிப்பாயிலும் வைத்தியசாலை நடத்தினார். அக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், கக்குவான், மணல்வாரி, பேதி எது வரினும், கண்ணேறு என்றும் பேய்க்கோள் என்றும் பலவாறு எண்ணி நாட்களைப் போக்குதல் வழக்கம். அங்ஙனம் போன நாட்களை எம்மருந்தும் மீட்டுத் தாராது. வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் ஓரூரில் அமர்ந்து எத்தனை பிள்ளைகளைக் காத்தல் கூடும்? ஆகவே கிறீன் வந்த மறு ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று வெளிப்போந்தோர் 60 பேருக்கு மேலாவர்.

தொடக்கத்திற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. அதன் பயனைக் கிறீன் கண்கூடாகக் கண்டார். ஆங்கிலங் கற்றோர் சம்பளத்தை நாடி அரசாங்க உத்தியோகத்துக்கும் தோட்டங்களுக்கும் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. தாய் கூறும் நோய்க்குறியைத் தாயின் மொழியிலேயே எண்ணிப் பார்க்க வல்லவனே அவ்வூரில் தங்குவான் என்று துணிந்து, 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து இரண்டாம் முறை யாழ்ப்பாணம் வந்தபின், 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். மாணவர் வேட்டியை விடுத்துக் காற்சட்டை அணிதலையும் அவர் விரும்பவில்லை. கோட்டணிந்தவனைக் கண்டு குடியானவன் ஒதுங்குவான் என்பதை அயல்நாட்டார் ஒருவர் உணர்ந்தது வியப்பே. நம்மவரிற் பலர் இன்னும் உணர்ந்திலர்.

கற்பித்தற்கு நூல்கள் வேண்டுமே! டான்போர்த், சாப்மன் முதலிய தம் மாணாக்கர் துணையொடு அவற்றையும் ஆக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரு பெருநூல்கள் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டிய இடத்து முதலில் தமிழிலே தேடுவார். கிடையாதாயின் வடமொழியை நாடுவார். அங்குமில்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்து வைப்பார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இம்மூன்றாம் வழியால் என்க. அச்சொல் நிலைபெறவில்லை, ஆயினும் அச்சொல்லைப் பழிப்போர், அந்நாளில் அத்துறையில் தமிழ் நூல் எழுதத் துணிந்தோர் எத்தனை பேர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஒன்றை மறைத்தலாகாது. கிறீன் கற்ற வைத்தியமும் வாந்திபேதிக்கு முன்னே பெரும்பாலும் கையற்றே நின்றது. 1866இல் யாழ்ப்பாணத்தை அந்நோய் வாட்டியபோது அதன் காரணம் இன்னதென்று உலகில் எவரும் ஐயமற நிறுவினாரல்லர். இரசகற்பூரமும் அபினியும் அக்காலத்து மேலை வைத்தியர் நம்பிய மருந்துகள். அவற்றால் விளைந்த தீங்கு நன்மையினும் மிகுதி. ஜெர்மானியராகிய கோக்கு என்பார் கல்கத்தாவிலே அந்நோய்க் கிருமியை ஆராய்ந்து உலகறியச் செய்தது 1884இல். கிறீன் இறந்ததும் அவ்வாண்டே. குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலினின்று நீரும் உப்பும் வடிந்துபோதலே என்பதும், அவற்றை வாய்வழியே மீண்டும் ஊட்டலாம் என்பதும் தெளிவாகப் பின்னும் நெடுங்காலம் சென்றது. 1971இல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே பலரைக் காத்தார்.

அம்மருந்து இன்று எவ்வீட்டிலும் ஆகும். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் சர்க்கரை தேக்கரண்டியால் தலைதட்டி 6, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு மிகுதல் ஆகாது. இதனைச் சிறிது சிறிதாகப் புகட்டல் வேண்டும்; தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிதல், உச்சிக்குழி அமிழ்தல், அழுதும் கண்ணீர் வாராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லவே படிதல், குடிக்கமாட்டாது துவளுதல், மலத்தில் இரத்தம் காணல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவமனைக்கு உடனே எடுத்துச் செல்லல் வேண்டும். வழியிலும் விழுங்கக்கூடிய குழந்தைக்கு நீர் புகட்டிக்கொண்டே செல்லலாம். பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டலாகாது என்போர் நம் கடற்கரையூர்களில் இன்றும் உளர். அவர்பால் அன்பில்லாமையன்று, அறிவிப்பார் இல்லாமையே குறை.

கிறீன் உடல்நலங் குன்றி 1873இல் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் ஓய்ந்திலர்; யாழ்ப்பாணத்தினின்று கப்பலேறி வந்த தமிழ்ப் படிகளைத் திருத்தித் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் என்னும் நூல் 1883இல் வெளிவந்தது. இதற்கிடையே 1870இல் கொழும்பிலே அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திற் போதிக்கத் தொடங்கியிருந்தது. அரசினர் மதிப்பும் வேலையும் அப்பக்கமே சென்றன. தமிழ் வழி வைத்தியப் போதனை அவருக்குப்பின் தளர்ந்து நின்றுவிட்டது. நூல்கள் பழைய பெட்டகங்களிற் புகுந்தன.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் ஊஸ்டர் நகரில் அவர் உயிர் நீத்தார். தமிழர்க்குத் தொண்டுசெய்த மிஷன் வைத்தியர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு விரும்பினார், அவ்வாறே பொறித்தனர். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.