வானம் பார்த்த வாத்தியக்காரர்

1738இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்த வில்லியம் ஹேர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரிலே தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசித்துச் சீவித்தவர். வானம் பார்க்கும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. நல்ல தொலைநோக்கியோ எட்டாத விலை. ஆகவே செப்பும் வெள்ளீயமுங் கலந்த ஆடிகளைத் தாமே தேய்த்து மெருகிட்டார். ஒருமுறை பதினாறு மணி நேரம் கையெடாது மெருகிட, தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டினார். என்னே பொறுமை!

1781 மார்ச் 13இல், அவர் செய்த ஏழடிக் கருவி யுறேனஸ் கிரகத்தைக் காட்டியது. அதன் ஆடி ஆறங்குலத்துக்குச் சற்றே மேல். 1789இல் மன்னர் கொடையால் நாற்பதடிக் கருவி எழுந்தது. கண்டோர் வியந்தனர். ஆனால் அதன் ஆடி விரைவில் மங்கும். ஆயத்தஞ் செய்வதிலேயே நல்ல இரவு கழியும். 1822இல் மறைந்த ஹேர்ஷல் பெரிதும் நம்பியது இருபதடிக் கருவியையே. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நெபுலாக்களையும் விண்மீன் கொத்துக்களையும் அதனாற் கண்டார். அவர் கண்டு சொல்ல, கரோலின் எழுதினார்.