மூன்று முறை தட்டப்பட்ட கதவு: டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை



சென்ற மாதம் நம் சங்கத்தின் சார்பில் அமிர்திக்குச் சுற்றுலா போனது நினைவிருக்கும். ஜவ்வாது மலை அடிவாரத்தில், வனத்துறையின் விலங்கியல் பூங்காவுக்கு அருகே, மர நிழலில் ஜமுக்காளம் விரித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் தயிர் சாதத்தையும் பகிர்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் லாரிக் கணக்கில் மனஸ்தாபம் ஏற்பட்டு, மூன்று மாதமாக லிஃப்டில்கூட முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பங்களும் ஒரே வேனில்தான் வந்தன. ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்த எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

திரும்பும்போது கணியம்பாடியைத் தாண்டி பாகாயம் வழியாக வேலூருக்குள் நுழைந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஐடா ஸ்கடர் சாலை என்ற பெயரைப் படித்துவிட்டு, ஒரு குழந்தை அது யார் என்று கேட்டது. பெரியவர்களில் பலருக்கு ஆஸ்பத்திரியை நிறுவியவர் என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்காகவும் நமக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

ஐடா சோஃபியா ஸ்கடர் பிறந்தது வெளிநாட்டில் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இலேயே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து மருத்துவப் பணி செய்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். ஐடாவின் அப்பாவும் டாக்டர். சித்தப்பா, பெரியப்பா என்று குடும்பமே இந்தப் பகுதியில் மருத்துவமும் மதப்பணியும் செய்துகொண்டிருந்தது.

ஆனால் சின்ன வயதில் ஐடாவுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. ஆறு, ஏழு வயதுக் குழந்தையான ஐடா, பசியில் கையைக்கூடத் தூக்க முடியாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டியிருக்கிறார். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவில்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. அப்பா முதலில் இந்தியா திரும்பினார். ஐடா பதின்பருவத்தில் இருந்தபோது அம்மாவும் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அம்மாவைத் தன்னிடமிருந்து பிரித்த நாடு என்றுதான் அந்தப் பெண்ணுக்கு இந்தியா தோன்றியிருக்க வேண்டும். குடும்பத் தொழில் தனக்கு வேண்டாம், அமெரிக்காவிலேயே வாழ்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார்.

1890இல் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று தகவல் வந்தது. கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். அப்போது அப்பா திண்டிவனத்தில் பணியில் இருந்தார்.

அங்கே ஓர் இரவு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய மனைவி, மிகச் சிறிய வயதுப் பெண், பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா தன் அப்பாவை அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த இளைஞர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவருடைய குல வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. இளைஞர் தலைகுனிந்து திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே துயரம், அதே மறுப்பு. மூன்றாவதாக முதலியார் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வந்தார். அவரும் அதே போல வந்து, அதே போலத் திரும்பினார். ஐடா அன்று தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆளனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது அந்த மூன்று கணவர்களையும் மூடர்கள் என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். அவர்கள் மனைவிமேல் அன்பில்லாதவர்கள் அல்ல. அன்பிருந்ததால்தான் நடுராத்திரியில் வேற்று மதத்துக்காரரின் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டில் மருத்துவம் இருந்தது, மருந்து இருந்தது, உதவும் மனமும் இருந்தது. ஆனால் அவர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய வடிவத்தில் அந்த உதவி இல்லை. ஐடாவுக்குப் புரிந்தது இதுதான். அவர்கள் மாறட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனையோ பெண்கள் சாவார்கள். மாற வேண்டியது தான்தான் என்று முடிவெடுத்தார். காலையில் அப்பா அம்மாவிடம் போய், தான் டாக்டராகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கா திரும்பி, 1895இல் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் கொடுத்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். இந்தியா புறப்படும் முன்னால், வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்த நன்றியை ஐடா வாய்வார்த்தையோடு விட்டுவிடவில்லை. பின்னால் எழுந்த ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மையாரின் பெயரே வைக்கப்பட்டது: மேரி டேபர் ஷெல் மருத்துவமனை.

1900 ஜனவரியில் வேலூரில் வேலை தொடங்கியது. ஆஸ்பத்திரி என்று சொல்ல அப்போது ஒன்றும் இல்லை. பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு படுக்கை. அப்பாவிடம் தொழில் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பி வந்தவருக்கு, அதே ஆண்டில் அப்பா இறந்துபோனது பெரிய இடி. ஊர்க்காரர்கள் புதிதாக வந்த இளம் பெண் டாக்டரிடம் வரத் தயங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் யாரும் இல்லை. வீட்டு வேலையில் இருந்த சலோமி என்ற பெண்ணையே பக்கத்தில் நிறுத்திப் பழக்கி, உதவியாளராக ஆக்கிக்கொண்டார்.

அவருடைய பள்ளித் தோழி ஆனி ஹான்காக்கும் வேலூருக்கு வந்திருந்தார். ஆனி டாக்டர் இல்லை. வெளியே வராத பெண்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் அவர் செய்த வேலை. வீட்டுக்குள் ஒரு சிநேகிதி கிடைத்த பிறகு, ஆஸ்பத்திரி என்ற சொல்மேல் இருந்த பயம் குறைந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் 5,000 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். 1902இல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

கட்டடம் வந்துவிட்டது, இனி நோயாளிகள் தேடி வரட்டும் என்று ஐடா இருக்கவில்லை. நடக்க முடியாதவர்களும் வண்டிச் சத்தம் கொடுக்க முடியாதவர்களும் எப்படி வருவார்கள்? வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். கண் நோய், ஆறாத புண், காய்ச்சல், தொழுநோய் என்று வந்தவர்களை அங்கேயே பார்த்து மருந்து கொடுப்பார். 1909இல் ஒரு சிறிய பிரெஞ்சு பெஜோ கார் வந்தது. மாடோ குதிரையோ இல்லாமல் புகைவிட்டுக்கொண்டு ஓடி வந்த அந்த வண்டியைப் பார்த்து ஜனங்கள் முதலில் வயலுக்குள் ஓடி ஒளிந்தார்களாம். பிறகு அதன் சத்தத்துக்காகவே காத்திருக்கத் தொடங்கினார்கள். இன்ன நாளில் இன்ன மரத்தடிக்கு டாக்டரம்மா வருவார் என்ற நிச்சயம்தான் அந்த நம்பிக்கையை வளர்த்தது.

எத்தனை ஓடினாலும் ஒருவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இந்த மண்ணின் பெண்களே நர்ஸுகளாகவும் டாக்டர்களாகவும் ஆனால்தான் இது தீரும் என்று கண்டுகொண்டார். 1909இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அடுத்து மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டார். மாகாண மருத்துவத் துறையின் தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டருக்குப் படிக்க இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்கள் முன்வருவார்கள் என்பது அவருடைய சந்தேகம். ஐடா வாதம் செய்து அவரைப் பகைத்துக்கொள்ளவில்லை. தொடங்கிக் காட்ட ஒரு வாய்ப்பு மட்டும் கேட்டு வாங்கினார். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தபோது, எடுக்க முடிந்த இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தன. முதல் அணி 1922இல் படிப்பை முடித்து வெளியே வந்தது. 1928இல் பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கான வேலை தொடங்கியது. அதே ஆண்டு காந்தியடிகளும் வந்து பள்ளியைப் பார்த்தார்.

பெரிய சோதனை அவர் ஓய்வு பெற வேண்டிய வயதில் வந்தது. 1930களின் கடைசியில், சென்னை மாகாண அரசு பழைய மருத்துவப் பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டு எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று முடிவெடுத்தது. அதற்கு வேண்டிய ஆசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் படுக்கைகளும் வேலூரில் இல்லை. தரம் உயர்த்த வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். ஆண்களையும் சேர்த்துப் பொதுக் கல்லூரியாக்கினால் பிற அமைப்புகள் கைகொடுக்கும் என்ற யோசனை வந்தது. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகப் பணம் திரட்டிக் கொடுத்த பெண்களில் பலர் இதை எதிர்த்தார்கள். பெண்களுக்காகக் கொடுத்த பணம் அல்லவா என்பது அவர்கள் நியாயம். எதிர்த்தவர்களில் ஐடாவின் நெருங்கிய தோழிகளும் இருந்தார்கள். அவருக்கே இந்த மாற்றம் எளிதாக இருக்கவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தள்ளிப்போட நேரம் இல்லை.

1941இல், எழுபது வயதில், உலகப் போரின் நடுவே, அவர் அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசி, நிலைமையை விளக்கி, உதவி கேட்டார். இங்கே வேலூரில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பல்கலைக்கழக அங்கீகாரத்துக்காகப் பாடுபட்டார். 1942இல் அங்கீகாரம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். சில நட்புகளில் விழுந்த விரிசல் ஐடாவுக்கு வலித்தது. ஆனாலும் உதவியவர்களை அவர் மறக்கவில்லை, கல்லூரியும் மூடப்படவில்லை.

1946இல் ஓய்வு பெற்றபோது பொறுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இந்திய மருத்துவரான டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைக்கு வந்தார். ஐடா பெரும்பாலும் கொடைக்கானலில் வாழ்ந்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று வேலூரில் இன்றும் சொல்வார்கள். 1960 மே மாதம், 89ஆம் வயதில் காலமானார். ஒரு படுக்கையில் தொடங்கியது இன்று நாடெங்கிலுமிருந்து மக்கள் வரும் சி.எம்.சி. மரத்தடி வைத்தியமும் நின்றுவிடவில்லை. அதன் சமுதாய மருத்துவப் பிரிவு கணியம்பாடி வட்டாரக் கிராமங்களுக்கும், நாம் அமிர்தியில் அண்ணாந்து பார்த்த அந்த ஜவ்வாது மலைமேல் உள்ள மலைவாழ் மக்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் குடியிருப்புக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாமெல்லாம் ஆஸ்பத்திரி கட்டப் போவதில்லை. ஆனால் நம் கதவுகளும் தட்டப்படுகின்றன. சில சமயம் சத்தமே இல்லாமல். மாடி ஏற முடியாத பெரியவர், குழந்தையோடு தனியாக இருக்கும் தாய், இரவுக் காவலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன், விடியற்காலையில் குப்பை எடுக்க வரும் அம்மா. உதவி செய்யத் தயார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதோடு, எந்த விதத்தில் செய்தால் அவர்கள் கூச்சப்படாமல் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் யோசிக்கலாம். உதவியவர்களுக்கு நன்றியைப் பெயர் சொல்லிச் சொல்லலாம். தண்ணீர்க் கணக்கோ பார்க்கிங் தகராறோ, குழுவில் நாலு பேர் பார்க்க எழுதுவதற்கு முன்னால், நேரில் போய்க் கதவைத் தட்டி உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம்.

அமிர்தியிலிருந்து திரும்பிய அன்று இரவு, அந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக் குழந்தையின் தண்ணீர் பாட்டில் மற்றவர் பையில் வந்துவிட்டது. அதைக் கொடுக்க அவரே மாடியேறிப் போனார். கதவு திறந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வந்தார்.

அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம்.