டோனிசெட்டி பாஷா

கற்போன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து கற்பித்தல் ஆசிரியர் கடன் என வகுத்தது நன்னூல். அந்நெறிக்குச் சான்றாக இசையுலகில் வாழ்ந்தவர் ஒருவர். அவரே உஸ்மானியப் பேரரசின் அரண்மனை இசைக்குழுவைக் கட்டி வளர்த்த ஜூசெப்பே டோனிசெட்டி.

இத்தாலியின் பெர்கமோ நகரில், வறிய குடும்பத்தில், 1788-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் இவர் பிறந்தார். இசைநாடக மேதை காயெத்தானோ டோனிசெட்டி இவருடைய இளவல். தம்பி நாடக அரங்குகளில் புகழ் ஈட்டினார். தமையனாரோ நெப்போலியனின் படையில் சேர்ந்து இசைக்குழுவில் பணியாற்றினார். எல்பாத் தீவிலும் அப்பணி தொடர்ந்தது. பின்னர்ச் சார்டினிய அரசின் படையிலும் இசைக்குழுத் தலைவராய் விளங்கினார்.

இக்காலத்தே இஸ்தான்புல்லில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826-இல் ஜானிஸரிப் படையைக் கலைத்தார். அப்படையோடு இணைந்திருந்த மெஹ்தர் என்னும் தொன்மையான போர் இசையும் ஓய்ந்தது. நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த சுர்னா, பெருமுரசு, கைத்தாளம் ஆகியன முழங்கிய இசை அது. ஐரோப்பியப் படைகள் பெருமுரசையும் கைத்தாளத்தையும் பதினெட்டாம் நூற்றாண்டில் தம் இசைக்குழுக்களில் சேர்த்துக்கொண்டது மெஹ்தரைக் கேட்டுத்தான். கொடுத்தவர் இல்லத்திலேயே அவ்விசை மௌனமாக, பெற்றவரிடமிருந்து புதிய இசை வரவழைக்கப்பட்டது வரலாற்றின் விந்தை.

சுல்தானின் அழைப்பை ஏற்று 1828-இல் டோனிசெட்டி இஸ்தான்புல் வந்து சேர்ந்தார். அரண்மனைப் பள்ளி இளைஞர்களே இவருடைய மாணாக்கர். அவர்கள் செவிவழி கேட்டு மனனம் செய்யும் மரபில் வளர்ந்தவர்கள். ஐரோப்பியர் ஐந்து கோடுகளின் மேல் எழுதும் இசைக்குறிகளை அறியாதவர்கள். இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஆர்மீனிய இசைவாணர் ஹம்பர்சும் வகுத்த குறிமுறை ஒன்று அந்நாளில் வழக்கிலிருந்தது. டோனிசெட்டி முதலில் அதனைத் தாம் கற்றார். அதன் ஒவ்வொரு குறிக்கும் நேரான ஐரோப்பியக் குறியை எடுத்துக்காட்டி மாணாக்கரைப் பயிற்றுவித்தார். நாற்பது வயதை எட்டிய தலைவர், தம் மாணவர் நாட்டு எழுத்தைப் பயிலத் தயங்கவில்லை. அவர்தம் வெற்றியின் திறவுகோல் இதுவே.

சுல்தான் மஹ்மூதின் பெயரால் 1829-இல் மஹ்மூதிய்யா அணிவகுப்பு இசையையும், அடுத்து அரியணை ஏறிய சுல்தான் அப்துல் மஜீதின் பெயரால் 1839-இல் மஜீதிய்யா இசையையும் இயற்றினார். இவை பேரரசின் அரச கீதங்களாக ஒலித்தன. 1847-இல் இஸ்தான்புல் வந்த பியானோ மேதை லிஸ்ட், அப்துல் மஜீதுக்காக டோனிசெட்டி இயற்றிய இசையை விரித்துப் பியானோவுக்கெனத் தனிப் படைப்பொன்று செய்தார். பாஷா என்னும் உயர் பட்டமும் இவரை வந்தடைந்தது.

புகழின் நடுவே துயரும் வந்தது. பாரீசில் நோயுற்று அறிவு மயங்கிய தம்பியைப் பேண, தம் மகன் ஆந்திரேயாவை இஸ்தான்புல்லிலிருந்து அனுப்பினார். அம்மகனே சிற்றப்பாவைப் பெர்கமோவுக்கு அழைத்துச் சென்றார். 1848-இல் அங்கே காயெத்தானோவின் உயிர் பிரிந்தது. டோனிசெட்டி பாஷாவோ தாயகம் திரும்பி வாழவில்லை. இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இஸ்தான்புல்லிலேயே 1856-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் மறைந்தார். அந்நகரின் தூய ஆவிப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வளர்த்த அரண்மனை இசைக்குழு 1924-இல் அங்காராவுக்கு மாற்றப்பட்டது. துருக்கிக் குடியரசுத் தலைவரின் சிம்பொனி இசைக்குழு அதன் வழித்தோன்றலே. ஓய்ந்துபோன மெஹ்தரும் இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்டது. பழையதை அழித்தால்தான் புதியது வேரூன்றும் என்னும் எண்ணம் நிலைக்கவில்லை; இரண்டும் ஒரே மண்ணில் ஒலிக்கின்றன.

புதியதைக் கற்பிக்க வந்தவர் பழைய குறிகளை மதித்துப் பயின்றார். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒருவரிடம் தன் அரண்மனை இளைஞரை ஒப்படைத்தது பேரரசு. கற்பித்தவரும் கற்றவரும் ஒருவரையொருவர் நோக்கி ஓரடி முன்வந்ததால் விளைந்தது அவ்விசை. நாளை ஆசிரியப் பணி ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் உளங்கொள்ள வேண்டிய வாழ்வு இது.