பாட்டுப் புதையலைப் பங்கிட்டவர்

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் முத்துசாமி தீட்சிதர். அவருடைய கீர்த்தனைகள் இன்று கச்சேரிதோறும் ஒலிக்கின்றன. ஆனால் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் பல, எட்டயபுரத்தில் ஒரு முதியவரின் நெஞ்சிலும், அவர் வீட்டுச் சுவடிகளிலும் அடங்கிக் கிடந்தன. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளில் பல அவரோடு மறைந்திருக்கும்.

அந்த முதியவர்தான் சுப்பராம தீட்சிதர்.

தாத்தாவே தந்தை

சுப்பராமர் 1839-ல் திருவாரூரில் பிறந்தார். அவர் தாயின் தகப்பனார் பாலுசாமி தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி. மேல்நாட்டுப் பிடிலை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர். எட்டயபுரம் சமஸ்தான வித்துவான்.

பாலுசாமிக்கு ஆண் வாரிசு இல்லை. ஆகவே மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தாத்தாவே தந்தையானார்; அவரே குருவும் ஆனார். தமையனாரின் கீர்த்தனைகளைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். வளர்ந்ததும் சுப்பராமரும் அதே அரண்மனையில் வித்துவான் ஆனார்.

காதே காகிதம்

அந்தக் காலத்தில் பாட்டைப் பிரதி எடுப்பது சுலபம் அல்ல. குரு பாடுவார், சீடன் திருப்பிப் பாடுவான். பல நாள் பாடினால்தான் ஒரு கீர்த்தனை மனத்தில் பதியும். பாட்டின் சொற்களை ஓலையில் எழுதிக்கொள்ளலாம். ஸ்வரத்தையும் எழுதலாம். ஆனால் ஸ்வரத்தை எப்படி அசைப்பது, எங்கே குழைப்பது என்பதை எழுதிக் காட்டுவது கடினம். இந்தக் கமகம் இல்லாவிட்டால் ராகம் உயிர் பெறாது. வாய்வழியாகவே பரவியதால், ஒரே பாட்டு இடத்துக்கு ஒரு விதமாக மாறியது.

அரிய பாட்டுகளை வெளியாருக்குச் சொல்லித்தராத வித்துவான்களும் இருந்தார்கள். நிலம், நகை போல அதுவும் குடும்பச் சொத்து. வாரிசு அற்றுப்போனால் பாட்டும் அற்றுப்போகும்!

முதலியாரின் தவிப்பு

சென்னையில் சின்னசாமி முதலியார் என்பவர் இருந்தார். எம்.ஏ. படித்தவர், மதத்தால் கிறிஸ்தவர். பழைய பாட்டுகள் அழிந்து போகின்றனவே என்று அவர் மனம் தவித்தது. அவற்றை மேல்நாட்டு முறையில் ஸ்வரப்படுத்தி, 1892 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரிடமும் பாட்டுகளைக் கேட்டு எழுதினார். இடைவிடாத உழைப்பில் அவர் கண்பார்வை மங்கிவிட்டது.

1899-ல் முதலியார் எட்டயபுரம் மகாராஜாவிடம் முறையிட்டார். தீட்சிதர் தம் பாட்டுகளை நூலாக எழுதித்தர வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். பரம்பரைச் சொத்தை ஊருக்கெல்லாம் கொடுப்பதா என்ற தயக்கம் முதலில் தீட்சிதருக்கு இருந்தது. மகாராஜா நூலை எழுதும்படி பணித்தார். செலவைச் சமஸ்தானமே ஏற்றது. தயக்கம் தீர்ந்தது.

அறுபது வயதில் அரும்பணி

அப்போது தீட்சிதருக்கு அறுபது வயது. ஓய்வெடுக்க வேண்டிய பருவத்தில் அவர் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்வரம் எழுதினார். கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்தார். குருவின் வாயிலிருந்து மட்டுமே கிடைத்த நுட்பம் காகிதத்தில் ஏறியது.

1904-ல் எட்டயபுரம் அச்சுக்கூடத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. மொழி தெலுங்கு. 1,700 பக்கங்களுக்கு மேல்! முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. மற்றப் பெரியோரின் பாட்டுகளும், சங்கீத வித்துவான்களின் வரலாறுகளும் அதில் இடம் பெற்றன.

அத்துடன் அவர் ஓயவில்லை. புதிதாகப் பாடப் பழகுவோருக்காக 1905-ல் ஒரு பாடநூலும் வெளியிட்டார். 1906-ல் காலமானார்.

கொடுத்ததால் நிலைத்தது

அவர் மகன் அம்பி தீட்சிதர் பின்னர் சென்னைக்கு வந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். டி.கே. பட்டம்மாள் அவரிடம் பாடம் கேட்டவர். பெரிய நூலைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ் எழுத்தில் பல பாகங்களாக வெளியிட்டது. தீட்சிதர் வீட்டு வாசலை மிதிக்காதவர்களும் அவர் வீட்டுப் பாட்டைக் கற்க முடிந்தது.

நிலத்தைப் பங்கிட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகக் குறையும். பாட்டைப் பங்கிட்டால் அது வளரும். சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் சொத்தை ஊருக்கு எழுதி வைத்தார். அதனால்தான் அது அழியாமல் நின்றது.