ஆசை துறந்தும் செயல் துறவாத ஞானி: அருவிப்புறத்தில் தொடங்கிய ஸ்ரீ நாராயண குருவின் பணி

களியக்காவிளையில் தமிழக எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில் உள்ளது நெய்யாற்றின்கரை. அதன் அருகே, நெய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் அருவிப்புறம். மெய்ஞ்ஞானம் அடைந்தவருக்கு உலகில் செய்ய வேண்டிய வேலை ஏதேனும் மிஞ்சியிருக்குமா என்ற பழைய கேள்விக்கு, இந்த ஊரில் ஸ்ரீ நாராயண குரு தமது வாழ்க்கையால் விடையளித்தார்.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ம் ஆண்டு ஈழவர் குடும்பத்தில் பிறந்த அவர், சமஸ்கிருதமும் தமிழும் கற்று, சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். பின்னர் வீட்டைத் துறந்து, நாகர்கோவில் அருகேயுள்ள மருந்துவாழ் மலையின் குகையில் தவமிருந்தார். அதன் பிறகு அருவிப்புறம் வந்து தங்கினார்.

அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர் உள்ளிட்ட பல சமூகத்தினர் பெருங்கோவில்களுக்குள் நுழைய முடியாது. சிலை நிறுவும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இந்நிலையில் 1888-ம் ஆண்டு சிவராத்திரியன்று, நெய்யாற்றின் சங்கரன்குழி என்ற ஆழமான பகுதியிலிருந்து எடுத்த கல்லை அவர் சிவலிங்கமாக நிறுவினார். சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தோராக வாழும் இடம் இது என்ற பொருளில் அங்கு வாசகம் பொறிக்கப்பட்டது. யாரையும் பழிக்காமல், கிளர்ச்சிக்கு அழைக்காமல் செய்த அந்தச் செயல் பல நூற்றாண்டுத் தடையை அசைத்தது.

ஞானம் ஆசையை என்ன செய்கிறது என்பதை, 1897-ல் இயற்றிய ஆத்மோபதேச சதகத்தில் அவர் விளக்கினார். எல்லா உயிரும் நாடுவது இன்பத்தையே. அந்த நாட்டம் குற்றமன்று. நான், பிறர் என்ற பிரிவு பொய் என உணர்ந்தவரின் இன்பம் பிறருடைய இன்பத்திலிருந்து விலகி நிற்காது. ஆகவே அவருடைய அன்றாடச் செயலும் பிறர் நலத்தோடு இணைந்துவிடும் என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

அருவிப்புறம் கோவிலை நிர்வகிக்க உருவான அமைப்பு, 1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. குரு அதன் தலைவரானார். கவிஞர் குமாரன் ஆசான் செயலாளரானார். ஆயினும் அமைப்பில் சாதி உணர்வு தலைதூக்கியதைக் கண்ட குரு, 1916-ல் தமக்கு அதனுடன் தொடர்பில்லை என டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதினார். தாம் எந்தச் சாதியையும் மதத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்றும் அதே ஆண்டு அறிவித்தார். தம் பெயரைத் தாங்கிய அமைப்பின் மீதும் அவருக்குப் பற்று இல்லை.

எனினும் அவர் பணியிலிருந்து ஒதுங்கவில்லை. புதிய கோவில்களைவிடப் பள்ளிகளே தேவை என்று வலியுறுத்தினார். வைக்கம் போராட்டத்துக்கு ஆதரவளித்தார். 1924-ல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டினார். 1927-ல் களவங்கோடு கோவிலில் தெய்வ உருவத்துக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவினார். வழிபட வருவோர் தம்மையே அதில் காண நேர்ந்தது.

1928-ம் ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி வர்க்கலை சிவகிரியில் குரு சமாதி அடைந்தார். ஆற்றிலிருந்து அவர் எடுத்து நிறுவிய லிங்கத்தை வழிபட, சாதி வேறுபாடின்றி மக்கள் இன்றும் அருவிப்புறம் வருகின்றனர்.