காமராஜர் வீட்டுக் குழாயும் சிவகாமி அம்மாளின் குடமும்

அந்தக் குழாய்க் கதை உங்களுக்கும் ஃபார்வர்டில் வந்திருக்கும். காமராஜர் முதலமைச்சராக இருந்த நேரம். விருதுநகரில் அவருடைய அம்மா சிவகாமி அம்மாள் வீட்டுக்கு யாரோ அதிகாரி நல்ல மனசோடு தனியாக ஒரு குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டார். மகனுக்கு விஷயம் தெரிந்ததும் செம கோபம். உடனே குழாயை எடுக்கச் சொல்லிவிட்டார். கதை அங்கேயே முடிந்து, கீழே மூன்று கும்பிடு எமோஜி இருக்கும்.

நானும் அதை ஷேர் பண்ணியிருக்கேன். விருதுநகரில் நினைவு இல்லமாகிவிட்ட அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது. குழாயை எடுத்த மறுநாள் குடத்தைத் தூக்கியது யார்?

காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பேர். அப்பா குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. மகனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே அவர் இறந்துபோனார். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா, பாட்டி பார்வதி அம்மாள், தங்கை நாகம்மாள், அப்புறம் இந்தப் பையன். சிவகாமி அம்மாள் காதில் கிடந்த தோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நகைகளை விற்றார். அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்து, மாசாமாசம் வந்த வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். இப்போ இதுக்கு ஃபைனான்ஷியல் பிளானிங்னு பேர் வெச்சு ரீல்ஸ் போடுறோம். அவர் வெளியே வேலைக்குப் போன அம்மா இல்லைதான். ஆனால், சம்பாதிக்க ஆள் இல்லாத வீட்டின் வரவு, செலவு, அடுப்பு, தண்ணீர், துணி எல்லாமே அவர் தலையில்தான் விழுந்தது.

பையன் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கும் ஓர் அடுப்படிக் கதை உண்டு. அந்தப் பள்ளிக்காக ஊரில் பிடி அரிசி வாங்குவார்கள். உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பார்கள்; பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார். தினமும் ஒரு பிடி குறைத்துச் சமைத்த அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? பள்ளியின் வரலாறு என்றால் கல்வெட்டில் இருக்கும் பெயர்களைத்தான் பார்க்கிறோம். எனக்கு இந்தப் பானைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பன்னிரண்டு வயசு வாக்கில் படிப்பு நின்றது. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் வேலை. துணி விற்றதைவிடப் பொதுக்கூட்டத்தில் போய் நின்றதுதான் அதிகம். சரிப்பட்டு வராது என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் வைக்கம் போராட்டம் நடந்தது, அங்கேயும் போய்விட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தார்கள், மாட்டேன் என்றுவிட்டார். கடைசிவரை பண்ணிக்கொள்ளவே இல்லை. நாட்டுக்காகக் குடும்பத்தைத் துறந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பம் எங்கேயும் போகவில்லை, அதே தெருவில், அதே வீட்டில்தான் இருந்தது.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குப் போய் பெல்லாரி அலிபுரம் சிறைக்குப் போனார். அதற்குப் பிறகும் பல தடவை. மொத்தக் கணக்குப் போட்டால் ஒன்பது வருஷம் போல சிறையிலேயே கழிந்தது. இடையில் சுவாரஸ்யமான ஒரு விஷயம்: 1941-ல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். அதைவிடப் பெரிய வேலை தனக்கு இருக்கிறது என்று நினைத்தார். நகராட்சி வேலை என்றால் என்ன? குடிநீர், சாக்கடை, குப்பை. அம்மா தினமும் முகம் பார்த்த பிரச்னைகள்தான் அத்தனையும்.

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் ஆனார். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிவரவில்லை. அவர் வந்தால் பின்னாடியே சொந்தக்காரர்களும் சிபாரிசும் வரும் என்று பயந்தார். மாசம் 120 ரூபாய் அனுப்பிவைத்தார், அம்மா கூடுதலாகக் கேட்டும் ஏற்றவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். குழாய்க் கதை இந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவதுதான். கூடவே ஊரில் இன்னொரு கதையும் சொல்வார்கள். மகனைப் பார்க்க, மகன் பெயரைச் சொல்லித் தன்னைப் பார்க்க என்று ஏகப்பட்ட பேர் வீட்டுக்கு வருகிறார்கள், ஒரு கழிப்பறை இல்லை, பக்கத்து இடத்தை வாங்கிக் கட்டலாமே என்று அம்மா கேட்டாராம். ஊர் தப்பாகப் பேசும் என்று மகன் மறுத்துவிட்டாராம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? பதவியை வீட்டுக்குள் கொண்டுவராத அந்தக் கறார்த்தனத்தை இன்றைக்குத் தேடினாலும் பார்க்க முடியாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால், அந்த அம்மா கேட்டது பங்களாவா, காரா? தண்ணீரும் கழிப்பறையும். மகனின் நேர்மைக்கு மாசாமாசம் தவணை கட்டியது அவர்தான். ஃபார்வர்டு மெசேஜில் அந்த வரி மட்டும் இருப்பதில்லை.

அதே மனுஷர் ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்தார் என்பது வேறு கதை. அவருக்கு முன்னால் ராஜாஜி ஆட்சியில், 1953-ல் ஒரு கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள்? அம்மாவிடம் வீட்டுவேலை கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று எல்லோரும் திட்டிய இந்தத் திட்டம், காமராஜர் வந்த 1954-லேயே கைவிடப்பட்டது. சாதியை வைத்துத்தான் இதைப் பற்றிப் பேசுவோம். துடைப்பத்தை வைத்தும் பேசலாம்.

அடுத்து 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம். முதலில் ஊர்க்காரர்களிடம் நன்கொடை வாங்கித்தான் சமைத்தார்கள், பிறகு அரசுப் பணமும் சேர்ந்தது. மாடு மேய்த்த பையன் கதையை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுவோம். 1957, 1962 இரண்டு தேர்தலிலும் காமராஜர் ஜெயித்த சாத்தூர் பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் சோறு என்னவாக இருந்தது என்று பார்ப்போம்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்த தீப்பெட்டித் தொழில், இந்த வறண்ட கரிசல் பூமியில் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. பெட்டி ஒட்டுவது, கட்டை அடுக்குவது எல்லாம் பெண்கள் கை வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. எங்கள் அப்பத்தா தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட ஆரம்பித்ததும், மதியம் எழுந்து வீட்டுக்கு ஓடிவரும் வேலை மிச்சமானதை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு வேளைச் சோறு என்றால் சோறு மட்டுமா? விறகு, தண்ணீர், கரிப்பானை தேய்ப்பது எல்லாம் சேர்ந்ததுதானே.

அதற்காக எல்லாமே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பள்ளியில் சோறு கிடைத்தும், குழந்தைகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவது பல பத்தாண்டுகள் நிற்கவில்லை. வட்டிலில் விழும் சோற்றைவிட, வாரக் கடைசியில் கிடைக்கும் காசு பல வீடுகளுக்குத் தேவையாக இருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்பு வந்ததே 1996-ல்தான்.

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் இறந்தார். சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்தது வாடகை வீடு. அன்றைக்கும் உடன் இருந்து பார்த்துக்கொண்டது உதவியாளர் வைரவன்தான். கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னதும் அவரிடம்தான் என்பார்கள். விட்டுப்போன சொத்து கொஞ்சம் கதர் வேட்டி சட்டை, புத்தகங்கள், கையிருப்பாகச் சொற்பக் காசு. பத்து வருஷம் கழித்து, 1985-ல் இந்தப் பகுதி தனி மாவட்டம் ஆனபோது அவர் பெயரையே வைத்தார்கள். இப்போது விருதுநகர் மாவட்டம்.

மதியச் சோறு 1982-ல் எம்.ஜி.ஆர் காலத்தில் சத்துணவாகப் பெரிதானது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. என் சித்தி சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வரும்போது கை, புருவம், சேலை எல்லாம் அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி மின்னும். வந்ததும் பேரனைத் தூக்க மாட்டார். நேராகக் கொல்லைக்குப் போய்க் குளித்து, அந்தச் சேலையைத் தனியாக நனைத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அதற்கே ரெண்டு குடம் தண்ணீர் போய்விடும். பேரனுக்குக் காலையில் பள்ளியிலேயே பொங்கலோ உப்புமாவோ கிடைத்துவிடுவதால், விடிகாலை அடுப்பு வேலை இப்போ பாதியாகக் குறைந்திருக்கிறது.

அவர்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்கு வீட்டில் யாராவது இருந்தே ஆகணும். சித்தப்பாவும் வேலைக்குத்தான் போகிறார். ஆனால் அந்த ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் குடத்தோடு நிற்பது எப்பவும் சித்திதான்.